கோடு வரைவதற்கு முன் ஓர் அருவி: குத்துக்கல்வலசை, குற்றாலம், திருநெல்வேலி

என் பெயர் க. வேலாயுதம். வயது ஐம்பது, அரசுத் தணிக்கைப் பணி. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் வசிக்கிறோம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோ மருந்தேற்றலும் முடிந்து, கதிர்வீச்சுக்குத் தயாராகும் ஒருவரை அழைத்துச் செல்வோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்வதே இப்பதிவின் நோக்கம். அந்த ஒருவர் என் மனைவி கோமதி. எழுத அனுமதி தந்திருக்கிறாள். ‘பாவம்’ என்ற சொல் மட்டும் எங்கும் வரக் கூடாதாம்.

கதிர்வீச்சு தொடங்குமுன் அளவெடுப்பு உண்டு. பலகையில் படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, அசையாதிருக்க வேண்டும். அந்நிலையில் ஸ்கேன் எடுத்து உடம்பில் மையால் கோடுகள் வரைவார்கள். பின்னர் ஒவ்வொரு நாள் சிகிச்சைக்கும் அதே நிலைதான். ஜூன் மாதம் திருநெல்வேலிக்கு முதல் முறை சென்றபோது, அறுவை நடந்த இடப்பக்கத்துக் கை நெற்றி உயரத்தைத் தாண்டவில்லை. “பயிற்சி செய்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வாருங்கள். அதற்கு மேல் தள்ளிப்போடுவது நல்லதல்ல” என்று மருத்துவர் திருப்பி அனுப்பினார்.

வீட்டில் சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி. நான் அருகில் நின்று, எட்டிய உயரத்தைப் பென்சிலால் குறிப்பேன்.

“நீங்க நின்னா என் கை தணிக்கைக்குப் பயந்து எறங்கிருது. அங்கன போயி பேப்பர் படிங்க” என்பாள். நான் நகர்ந்ததில்லை. கை சிறிது சிறிதாக ஏறியது. மேல்கை காதைத் தொட நான்கு விரல் தூரம் இருக்கையில் நின்றுவிட்டது.

இரண்டாம் அளவெடுப்புக்கு முந்தைய நாள் விடியலில் நல்ல சாரல். “நாளைக்குக் கோடு போட்டுட்டா அருவில நிக்க முடியாது. இந்தச் சீசனே போயிரும். கூட்டிட்டுப் போவீயளா, மாட்டீயளா?” என்றாள். மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டேன். தழும்பு முழுதும் ஆறிவிட்டதால் சம்மதித்தார்; ஓரத்தில் மட்டும் நிற்க வேண்டும், தண்ணீர் நேராக மோதக் கூடாது, எண்ணெய் கூடாது என்பன நிபந்தனைகள்.

ஆட்டோவில் எட்டு கிலோமீட்டர். போய்வர நானூறு ரூபாய். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “அண்ணாச்சி, எண்ணெ எடுத்தியளா?”

“இல்லை. மருத்துவர் கூடாதென்றார்.”

“எண்ணெ இல்லாம குத்தாலமா! தாலி இல்லாத கல்யாணம்லா!”

“தம்பி, இவுகளக் கெளப்பிக் கொண்டாந்ததே பெரும்பாடு. நீ வண்டிய ஓட்டு” என்றாள் கோமதி.

பெரிய அருவியில் பெண்கள் குளிக்கும் பகுதி தனி. தடுப்புக் கம்பி வரைதான் நான் போகலாம். நிபந்தனைகளை மறுபடி சொன்னேன். “சட்டம் முடிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அப்பக்கம் பார்த்து நிற்பது முறையல்ல. முதுகைத் திருப்பி, எதிரே நேந்திரங்காய் சிப்ஸ் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வழுக்கினால் என்ன செய்வாள், யாராவது அந்தக் கையை இடித்தால் நாளைய அளவெடுப்பு என்னவாகும் என்பதே நினைவாக இருந்தது.

திரும்பி வந்தபோது உதடு நடுங்கியது, முகத்தில் சிரிப்பு.

“பக்கத்துல கடையநல்லூர்க்காரி ஒருத்தி நின்னா. ‘யக்கா, தலைய அப்படியே குடுக்காதீய, கையக் கூப்பி மேல தூக்குங்க, தண்ணி ஒடஞ்சு விழும்’னா. தூக்கிட்டேன். தூக்கின பொறவுதான் இடக்கையும் போயிருக்குன்னு தெரிஞ்சுது.”

“ஓரத்தில்தானே நின்றாய்?”

“ஓரந்தான், ஓரந்தான். இங்கன பாருங்க.”

ஈரச் சேலைமேல் துண்டைப் போர்த்தியபடி, சாலையிலேயே கையைத் தூக்கினாள். மேல்கை காதைத் தொட்டது.

“வலிக்கிறதா?”

“இழுக்குது. இழுக்கட்டும்.”

அருவி குணப்படுத்தியது என்று நான் எழுத மாட்டேன். இரண்டு வாரப் பயிற்சி இன்றி அந்தக் கை அவ்வளவு வந்திருக்காது. எனினும், கடைசி நான்கு விரல் தூரம் நான் அருகில் இல்லாதபோதுதான் கடக்கப்பட்டது என்பதையும் பதிவு செய்வதே நியாயம்.

மறுநாள் ஆலங்குளம் வழியாகக் காரில் திருநெல்வேலிக்கு ஒன்றரை மணி நேரம். அளவெடுக்கும் அறைக்குள் துணைக்கு அனுமதியில்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

“கை நின்னுச்சு” என்றாள். “மூக்குதான் அரிச்சுது. சொறியலியே!”

திங்கட்கிழமை சிகிச்சை தொடங்குகிறது.

செல்வோர் கவனத்துக்கு: முன்பக்கம் திறக்கும் தளர்வான பருத்தி உடை உகந்தது; மை ஒட்டும் என்பதால் பழையதாக இருக்கட்டும். கோடுகள்மேல் சோப்பு, எண்ணெய், பவுடர் படக் கூடாது, தேய்க்கவும் கூடாது. கோடு மங்கினால் வீட்டில் பேனாவால் திருத்தாமல் மருத்துவமனையில் சொல்லுங்கள். கைப்பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று அறுவை முடிந்த உடனேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் தாமதமாகக் கேட்டோம். அருவிக்குப் போவதானால் உங்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே. பயிற்சியின்போது ‘அங்கன போங்க’ என்று சொல்லப்பட்டால் தயவுசெய்து போய்விடுங்கள்.

கோடுகள் நனையாதிருக்க, இனிச் சில வாரங்களுக்கு வாளியின் மேல் குனிந்துதான் தலைக்குக் குளிக்க வேண்டும். புதிதாக முளைத்த முடி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. பின்கட்டிலிருந்து கூப்பிடுகிறாள். இத்துடன் நிறுத்திக்கொண்டு, வெந்நீர் விளாவி எடுத்துச் சென்று, அவள் போதும் என்று சொல்லும்வரை ஊற்றப் போகிறேன்.