பலகையின் காய்ச்சல்

ஒஸ்லோவில் என் மரவீட்டின் பழைய பெயின்டை ஒரு கிழமையாகச் சுரண்டி, பலகைகளைக் கழுவி முடித்த அன்றுதான், நாளைக்கு மழை என்றார்கள். வெறும் பலகை நனைந்தால் பட்ட பாடெல்லாம் வீண். பதறிப்போய் மனைவியின் ஹெயார் ட்ரையரால் சுவரைக் காயவைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பெயின்ட் அடிக்க நான் பேசிவைத்திருந்த பெயின்டர் வந்தார். மீசையிலும் வெள்ளைப் பெயின்ட். எந்தப் பலகையையும் கன்னத்தால் தொட்டுத்தான் பார்ப்பார். என் சுவரிலும் கன்னத்தை ஒட்டினார்.

“அண்ணை, பலகைக்கு மேலுக்குக் காய்ச்சல், உள்ளுக்கு ஈரம். இப்ப அடிச்சால் வாற வருசம் உரியும்.”

“மழை வந்தால்?”

“மழைத்தண்ணி படாமல் சுவரைத் தறப்பாளால மூடிக் கட்டிப்போட்டு, தேத்தண்ணி போடுங்கோ.”

மழை பெய்தது; தறப்பாளைத் தாண்டிச் சுவருக்கு வரவில்லை. நாலாம் நாளும் கன்னத்தை ஒட்டி, “இனி அடிப்பம்” என்றார்.

பக்கத்து வீட்டார் பார்க்காத நேரம் நானும் சுவரில் கன்னத்தை ஒட்டிப் பார்ப்பதுண்டு. கன்னம் குளிர்வது மட்டும்தான் தெரிகிறது.