மூங்கில் போட்ட ரோடும் நான் போட்ட விலையும்

வீட்டுக்கு விலை மதிக்கிற வேலையில் வீட்டைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். முதலில், வாசலுக்கு வருகிற ரோடு யாருடையது என்று கேட்க வேண்டும். அரசாங்க ரோடென்றால் பள்ளம் விழுந்தால் அரசாங்கம் கல் போடும். தனியார் ரோடென்றால் நாம் விழுந்து எழுந்து போக வேண்டியதுதான்! மலாயாவில், சிரம்பானில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் மதிப்பீட்டு ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. இதே பிழைப்பில் அளவு நாடாவோடு அலைந்து நாய்க்கடி வாங்கிய சகோதரர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்!

பாதி விலை

தெமியாங் பக்கம், தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளி தன் ரப்பர் தோட்டத்தை வெட்டி மனை மனையாக விற்றார். நடுவில் ஓடிய மண் ரோட்டை மட்டும் தன் பேரிலேயே வைத்துக்கொண்டார். அதில் கோடி வீடு, சாப்பாட்டுக்கடை ராவுத்தருடையது. ஊரில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இந்த வீடு நல்ல விலைக்குப் போனால்தான் அவர் கப்பல் ஏற முடியும்.

வீடென்றால் வீடு! வைரம் பாய்ந்த தூண்கள், ஓட்டுக் கூரை, காற்று சும்மா அள்ளிக்கொண்டு போகிறது. எனக்கே குடியேறிவிட ஆசை வந்துவிட்டது. ஆனால் முழங்கால் சேற்றில் நீந்தி வந்தவன் என்ன சொல்வேன்? பாதி விலைதான் சொன்னேன். ராவுத்தரின் முகம் சுண்டிப்போயிற்று.

"வீட்டை மதிக்கச் சொன்னா சேத்தை மதிச்சுட்டுப் போறீங்களே லா!"

ரோட்டு ஆபீஸ்

மனசு கேட்கவில்லை. ரோட்டு ஆபீசில் வேலை பார்த்த என் சிநேகிதனைப் போய்ப் பிடித்தேன். தவுக்கே கல் போட்டு, கால்வாய் வெட்டிக் கொடுத்தால் அரசாங்கம் ரோட்டை ஏற்றுக்கொள்ளும் என்றான். அவர் ஒரு கூடை கல்கூடப் போடமாட்டாரே என்றேன்.

"அப்ப அவரையே அதுல நடக்கச் சொல்லு!"

மூங்கில் நாள்

வருஷத்தில் ஒரு நாள் ரோட்டை மறித்து வைத்தால் அது பொது வழியாகிவிடாது என்று தவுக்கேயிடம் எந்த வக்கீலோ சொல்லியிருக்கிறார். ஒரு நாள் போகிறேன், ரோட்டுக்குக் குறுக்கே மூங்கில்! பக்கத்தில் நாற்காலி போட்டுத் தவுக்கேயே காவல்! பசாருக்குப் பால் கொண்டுபோகும் அஞ்சலையக்கா பால் டின்னோடு வந்தார், மூங்கிலைப் பார்த்தார், குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தார்.

"கிராணியய்யா, குனிஞ்சு போனா இது யாரு ரோடு?"

கல்யாணக் கார்

பிறகு ஒரு பெருமழை. ராவுத்தர் வீட்டைத் தாண்டியிருந்த தவுக்கேயின் பங்களா முன்வாசல் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கென்று பார்த்து அவர் மகளுக்குக் கல்யாணம்! பெண்ணையும் தவுக்கேயையும் ஏற்றிய கார் வேறு வழியில்லாமல் பின்பக்கம் இந்த ரோட்டில் வந்து, ராவுத்தர் வீட்டு வாசலில் அச்சு வரை புதைந்தது. மதிப்பீட்டுக் காகிதம் கொடுக்கப் போயிருந்த நான் அங்கேதான் நின்றேன்.

அஞ்சலையக்காவிடம் ஒரு ஜோடி வண்டிமாடு உண்டு. இடுப்பில் கைவைத்து அசையாமல் நின்றார். "அவரு ரோடு, அவரு சேறு. அவரே இழுக்கட்டும்!" காருக்குள் பெண் அழ ஆரம்பித்தாள். ராவுத்தர் கைலியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினார். "புள்ள அழுவுது. மாட்டைப் பூட்டு அஞ்சலை" என்றார். மாடு இழுக்க, நாங்கள் தள்ள, கார் கரையேறியது.

தோட்டத்தில் ஆள் வைத்து வேலை வாங்கியதில் தவுக்கேக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணக் கோட்டெல்லாம் சேறாக, "என்ன வேணும் பாய்?" என்று கேட்டார். ராவுத்தர் குரல் உயரவே இல்லை.

"எனக்கும் ஒரு மக இருக்கா தவுக்கே. அவ கல்யாணமும் இந்தச் சேத்துலதான் மாட்டிக்கிட்டு நிக்குது."

தவுக்கே காரில் ஏறிப் போய்விட்டார். ஆனால் அடுத்த வாரமே கல் வண்டிகள் வரிசை கட்டி வந்தன, கால்வாய் வெட்டினார்கள், அரசாங்கம் ரோட்டை ஏற்றுக்கொண்டது. நான் ஓடோடிப் போய் முழு விலை எழுதிக் கொடுத்தேன். ராவுத்தர் கப்பல் ஏறினார்.

அந்த வீட்டில் ஓர் ஆணிகூட மாறவில்லை, விலைதான் இரட்டித்தது; அதையும் என் திறமை என்றே துரை இன்றுவரை நம்புகிறார்.