நாலு நிமிஷம் கழித்துக் கத்திய வீடு

தனகோடிக்கு விரல்களில் ரேகை கிடையாது. பிறக்கும்போது இருந்ததுதான். ஆம்பூர்த் தோல் கம்பெனியில் தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமே பாதி ஆயுசைக் கழித்ததில் தேய்ந்துபோய்விட்டது. ரேஷன் கடை மெஷினில் கட்டை விரலை வைத்தால் அது அவரை ஆளாகவே ஒத்துக்கொள்வதில்லை. சர்க்கரை வாங்க மனைவி அமிர்தவள்ளிதான் போக வேண்டும். அந்த அம்மாள் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருபவர். விரலில் பசை ஒட்டியிருக்கும், ரேகையும் இருக்கும்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு, விரல் வைத்தால் அடங்குகிற திருட்டு அலாரம் ஒன்றை மகன் புகழேந்தி வாங்கி அனுப்பினான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு. அப்பா பேரில் பாசம் நிறைய இருந்தது, அப்பாவின் விரல்தான் ஞாபகத்துக்கு வரவில்லை.

மாட்ட வந்த ஜெயசீலன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பூட்டைத் திறந்து உள்ளே வந்ததும் கதவோரப் பெட்டி பீப் பீப் என்று முனகும். அரை நிமிஷத்துக்குள் விரலை வைத்தோ நம்பரைத் தட்டியோ அடக்கிவிட வேண்டும். தவறினால் மாடியில் இருக்கும் சைரன் தெருவையே கூட்டிவிடும்.

அரை நிமிஷம் மற்றவர்களுக்குச் சரி. தோல் கம்பெனியிலிருந்து வருகிறவருக்கு வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எதையும் தொடாமல், எங்கேயும் உட்காராமல், நேரே படுக்கையறை வழியாகப் பின்கட்டுக் குழாய்க்குப் போக வேண்டும். சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்த பிறகுதான் அது மனிதக் கையாகும். அப்படி ஊறிய விரலை மெஷின் ஏற்றுக்கொண்டது. காய்ந்த விரலைக் கண்டுகொள்ளவே இல்லை. நம்பர்ப் பலகையும் தொட்டால் வேலை செய்கிற ரகம். காய்ப்பேறிய அந்த விரலை ஏதோ குச்சி என்று நினைத்துச் சும்மா இருந்தது. சாவிக்கொத்தில் மாட்டுகிற ரிமோட் ஒன்றும் கொடுத்துப் பார்த்தார்கள். அது சுண்ணாம்புத் தண்ணீரில் விழுந்து செத்தது.

ஆக, தினமும் மனிதர் வீட்டுக்கு வந்தால் சைரன். முதலில் ஓடி வருவது எதிர்வீட்டு அப்துல் ஹமீத்தான். பழைய தொழிலாளி, தனகோடியோடு ஒரே தொட்டியில் இறங்கியவர். இப்போது கையுறைக்குத் துண்டுத் தோல் விற்கிறார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் எது அகப்படுகிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒருநாள் துடைப்பம், ஒருநாள் டீ வடிகட்டி.

"இன்னாப்பா தனகோடி, உன் வீட்டு மெஷினு உன்னையே திருடன்னு சொல்லுது. பேஜாரா இருக்குப்பா!"

தெரு சிரிக்கும். தனகோடியும் சிரிப்பார். ஆனால் சொந்த வீட்டு வாசலில் திருடனாக நிற்பது உள்ளுக்குள் அவருக்கு எரிந்தது. கூச்சம் தாங்காமல் ஜெயசீலனைத் திரும்ப வரச் சொன்னார்.

"அந்த அரை நிமிஷத்த எவ்ளோ ஜாஸ்தி பண்ண முடியுமோ அவ்ளோ பண்ணு தம்பி."

"நாலு நிமிஷம் வரைக்கும் போகும்ணே. வேணாம். உங்களுக்குக் குடுக்கிற நேரம் திருடனுக்கும் குடுக்கிற நேரம்தான். பீரோ இருக்கிற ரூமையாவது உடனே அடிக்கிற மாதிரி வெச்சுக்கோங்க."

"அந்த ரூம் வழியாத்தானே தம்பி கை கழுவப் போறேன்?"

ஜெயசீலன் தலையைச் சொறிந்துகொண்டே நாலு நிமிஷம் வைத்துவிட்டுப் போனான்.

தெரு அமைதியானது. "விரல் சரியாய்டுச்சா?" என்று ஹமீத் கேட்டார். "ஆய்டுச்சு பாய்" என்றார் தனகோடி. போகிற போக்கில் சொன்ன பொய். எண்ணெய் தடவி ஊறவைக்கிற கதையையெல்லாம் வாசலில் நின்று யார் சொல்லிக்கொண்டிருப்பது?

நோன்புக்கு முன்னால் ஹமீதும் அவர் மனைவியும் உம்ரா செய்ய மெக்காவுக்குக் கிளம்பினார்கள். மகள் நிஷாவைச் சித்தி வீட்டில் விட்டார்கள். பெருநாள் கழிந்து அவளுக்கு நிக்காஹ். நிக்காஹுக்குச் சேர்த்த நகையைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு, துணியால் சுற்றி, ஹமீத் தனகோடியின் கையில் கொடுத்தார்.

"பேங்க்ல லாக்கர் காலி இல்லன்னுட்டான். உன் வீட்லதான் கத்துற மெஷின் இருக்கே. எனக்கு இன்னா கவலை?"

அந்த நொடியிலாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பயணம் கிளம்புகிற மனுஷனைக் கலவரப்படுத்துவானேன் என்று விழுங்கிவிட்டு, டப்பாவை வாங்கிப் பீரோவில் வைத்தார்.

திருடன் வந்தது பட்டப்பகலில். தனகோடி தொட்டியில், அமிர்தவள்ளி தையலில். பூட்டு உடைந்தது, பெட்டி முனக ஆரம்பித்தது. அவன் பயந்தானா இல்லையா, தெரியாது. முனகலுக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை என்றதும் தைரியம் வந்திருக்கும். சைரன் கத்தத் தொடங்கியபோது பீரோ திறந்து கிடந்தது, டப்பாவைக் காணோம், ஆள் தெருமுனையைத் தாண்டியிருந்தான். ஓடி வருகிற ஹமீத் மெக்காவில் இருந்தார். மற்றவர்கள், தனகோடியின் விரல் திரும்பவும் தகராறு பண்ணுகிறது என்று டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள்.

போலீஸ் வந்தது. வீட்டுக்காரர்கள் ரேகையைத் தனியே பிரிக்க வேண்டும் என்று தனகோடியின் விரலில் மை தடவிக் காகிதத்தில் உருட்டினார்கள். வெறும் கறுப்புத் திட்டு விழுந்தது. "அழுத்திப் புடிங்கய்யா" என்றார் ரேகை எடுத்தவர். அழுத்தினார். அழுத்துவது அவருக்குத் தெரியவே இல்லை. விரல் மரத்துப்போய் எத்தனையோ வருஷமாகிறது. அன்றைக்கு மற்றதும் மரத்துப்போனது. அமிர்தவள்ளி அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டார். சோறு போட்டால் தின்றார். மறுநாள் வேலைக்குப் போனார், தோலைத் திருப்பிப் போட்டார், வந்தார். ஹமீத் போன் பண்ணியபோது, "எல்லாம் நல்லா இருக்கு, நீங்க நிம்மதியாத் தொழுதுட்டு வாங்க பாய்" என்றார். அதைச் சொல்லும்போதும் குரல் நடுங்கவில்லை.

திரும்பி வந்த அன்றே ஹமீத் நேரே தனகோடி வீட்டுக்கு வந்தார். கையில் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும். திருட்டுப் போனதைத் தனகோடி சொல்ல, எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"சைரன் அடிக்கலியா?"

"அடிச்சுது பாய். அவன் போனப்புறம்."

"ஏன்?"

சொன்னார். எண்ணெய், குழாய், நாலு நிமிஷம், எல்லாவற்றையும்.

"விரல் சரியாய்டுச்சுன்னு சொன்னியேப்பா."

"சொன்னேன்."

ஹமீத் கத்தியிருந்தால், சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கொண்டு வந்ததை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நிஷாவின் நிக்காஹ் தள்ளிப்போனது.

தனகோடி ஜெயசீலனைக் கூப்பிட்டு அலாரத்தைப் பழையபடி அரை நிமிஷத்துக்கு மாற்றச் சொன்னார். "உங்களால அடக்க முடியாதேண்ணே" என்றான் அவன். "கத்தட்டும்" என்றார்.

மறுநாள் வேலை முடிந்து வந்து பூட்டைத் திறந்தார். காய்ந்த விரலை வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. சைரன் அலறியது. கை கழுவப் போகாமல் வாசலிலேயே நின்று எதிர்வீட்டைப் பார்த்தார். ஜன்னலுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது, ஹமீத் இருமுகிற சத்தமும் கேட்டது. சைரன் தானாக ஓய்கிற வரைக்கும் தனகோடி அங்கேயே நின்றார். அந்தக் கதவு திறக்கவில்லை.