கொள்ளிடக் கரையில் எடுத்த படம்

கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்த வாரம், துபாயில் வேலை பார்க்கும் திருச்சிக்காரர்கள் சிலர் ஸ்ரீரங்கத்துக் கரையோர வீடுகளுக்கு அடுப்பும் பாயும் வாங்கப் பணம் அனுப்பினார்கள். பத்திரிகைக்காரன் என்பதால் விநியோகிக்கும் வேலை எனக்கு வந்தது. பொருள் வாங்குபவரைப் படம் எடுத்து அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். கொடுத்தவர்கள் கேட்பது நியாயம்தான்.

அடுப்பை வாங்க வந்த செல்வியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"படம் வேணாம் தம்பி. என் மகனும் துபாய்லதான் இருக்கான். வீட்டுக்குள்ள தண்ணி வந்ததையே அவன்கிட்ட சொல்லலை. தெரிஞ்சா புது வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துருவான்."

"துபாய் என்ன நம்ம தென்னூராம்மா, எல்லாருக்கும் எல்லாரையும் தெரிய? முந்தானையைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்தார். கைநீட்டி வாங்குகிறவர் மறுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் பாய் கொடுக்கப் போனபோது செல்வியம்மா போனில் மகனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "வராதடா. எனக்கு ஒண்ணும் இல்லைடா." பிறகு போனை என்னிடம் நீட்டினார். "நீங்களாவது சொல்லுங்க தம்பி."

"சார், அந்த அடுப்புக்கு நானும் காசு போட்டேன்," என்றான் மகன். "எங்கம்மாவுக்குன்னு குரூப்புல படத்தைப் பார்த்துதான் தெரிஞ்சுது. லீவு தரலை, வேலையை விட்டுட்டேன். டிக்கெட் எடுத்தாச்சு."

போனைச் செல்வியம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் படத்தைப் பார்த்து இன்னும் சிலர் உதவினார்கள். அதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறேன். அவர் வேண்டாம் என்றபோதே நான் விட்டிருந்தாலும் அடுப்பு அவர் வீட்டுக்குப் போய்த்தான் இருக்கும். மகனும் வேலையில் இருந்திருப்பான்.