காலுறை போடாத குளிர்காலம்

எங்கள் கடற்கரையில் யாரும் வலிக்கிறது என்று சொல்வதில்லை. படகு கவிழ்ந்து உயிர் தப்பி வந்தவர்கூட "கொஞ்சம் நனைஞ்சுட்டேன்" என்றுதான் சொல்வார். விருந்து தேவாமிர்தமாக இருந்தால் "மோசமில்லை" என்போம். அதற்கு மேல் புகழ எங்களுக்கு வாய் வராது. மேற்கு யூட்லாந்தில் பிறந்தவர்கள் எல்லோருமே இப்படித்தான். இந்தப் பழக்கம்தான் என் பக்கத்து வீட்டு ரிக்மோரின் வாழ்க்கையைப் பறிக்கப் பார்த்தது.

ரிக்மோரின் கணவர் ஐகில் பக்கவாதத்தில் விழுந்தவர். வலது பக்கம் செயலற்றுப்போய், பேச்சும் பெரும்பாலும் நின்றுவிட்டது. காலையில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பதும், மாலையில் திரும்பப் படுக்கவைப்பதும் ரிக்மோர்தான். நகராட்சி ஒரு தூக்கு இயந்திரம் தர முன்வந்தபோது, "என் புருஷன் என்ன மீன் பெட்டியா, கொக்கி மாட்டித் தூக்க?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

அப்படிப்பட்டவளின் இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. அவள் விழுந்துவிட்டால் ஐகில் முதியோர் இல்லத்துக்குப் போயாக வேண்டும். எங்கள் ஊரில் அங்கே போனவர் யாரும் வீடு திரும்பியதில்லை.

"அவரை அனுப்ப மாட்டேன், யூட்டே. என் காலை நிமித்தித் தர ஒரு டாக்டரைக் கண்டுபிடிச்சே தீருவேன்" என்றாள் என்னிடம்.

என் காரில்தான் அழைத்துப் போனேன். முதல் டாக்டர் தலைநகரத்துக்காரர், நல்ல மனிதர். "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ஏதோ சமாளிச்சுக்கலாம்" என்றாள் ரிக்மோர்.

அவரும் அதை அப்படியே நம்பி, உடற்பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் அவள் கார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"ஏண்டி உண்மையைச் சொல்லல?"

"சொன்னேனேடி! சமாளிச்சுக்கலாம்னு சொன்னேனே! ஒரு மனுஷி வேற எப்படிக் கதறுவா?"

இரண்டாவது டாக்டர் பெயர் பெற்றவர். வாயெல்லாம் சிரிப்பு. "மூணே மாசத்துல வால்ஸ் நடனமே ஆடுவீங்க பாருங்க!" என்றார். ரிக்மோர் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"வா யூட்டே, போகலாம். ஆடணும்னு நான் கேட்டேனா? நான் நடந்து வந்ததைக்கூட அந்த ஆளு நிமிர்ந்து பார்க்கல."

ஊருக்கே செய்தி பரவியது. மளிகைக் கடைக்காரன் கார்லோ சும்மா இருப்பானா? "என்ன ரிக்மோர், உருளைக்கிழங்கு பொறுக்குற மாதிரி டாக்டருங்களைப் பொறுக்குறியாமே!"

"அழுகின கிழங்கைத் திருப்பிக் கொடுத்துடலாம் கார்லோ. வெட்டின இடுப்பைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?"

கார்லோ தராசைத் துடைக்கத் தொடங்கினான்.

ஜனவரியில், பனி கொட்டிய ஒரு நாள், இன்னும் தூரத்து ஊர் ஒன்றுக்குப் போனோம். டாக்டர் அஸ்தா தானே வாசலுக்கு வந்து நின்று, நீண்ட நடைவழியில் ரிக்மோர் வருவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததும் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் பாதங்களைப் பார்த்தார். மரச்செருப்புக்குள் வெறுங்கால். குதிகால் குளிரில் ஊதா நிறமாகியிருந்தது.

"சாக்ஸ் எங்கே?"

"எனக்குக் குளிராது."

"வீட்டுக்காரருக்கு?"

"அவருக்குத் தினமும் போட்டுவிடறேன். காலைத் தூக்கி என் மடியில வச்சுக்கிட்டா போட்டுடலாம்."

"உங்க காலை யார் மடியில வைக்கிறது?"

ரிக்மோர் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். குனிய முடியாமல் அவள் அந்த வெறும் மரச்செருப்போடு திரிந்ததைப் பிடிவாதம் என்றல்லவா ஊரே நினைத்துக்கொண்டிருந்தது!

"வலிக்குதா?" என்று அப்போதுதான் கேட்டார் டாக்டர்.

"ஏதோ…"

"ரிக்மோர், நானும் இந்தக் கடற்கரைக்காரிதான். எங்கப்பா விரல் துண்டாகிப் போன அன்னிக்கும் 'சின்னக் கீறல்'னுதான் சொன்னார். சமாளிக்கலாம்னு சொல்றவங்க உடம்புல நான் கத்தி வைக்க மாட்டேன். வாயைத் திறந்து சொல்லுங்க."

ரிக்மோரின் உதடு துடித்தது. வாழ்நாள் முழுவதும் விழுங்கிவைத்திருந்த சொல் வெளியே வந்தது.

"வலிக்குது… ரொம்ப வலிக்குது டாக்டர். ஒவ்வொரு எட்டும் வலிக்குது."

அவள் குலுங்கி அழுதாள். நானும் அழுதேன். ஆனால் ரிக்மோர் ரிக்மோர்தான். மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப நான் கேக்கறேன். உங்க கையில யாருக்காவது தப்பாப் போயிருக்கா?"

டாக்டர் அஸ்தா கண்ணைத் தாழ்த்தவில்லை. "போயிருக்கு. ஒருத்தருக்கு ஒரு கால் கொஞ்சம் நீளமாயிடுச்சு. என் தப்புதான். அவர்கிட்டயே அதைச் சொன்னேன். இன்னமும் அவரை நான்தான் பார்க்கிறேன்."

ரிக்மோர் கைத்தடியை மேஜையோரம் சாய்த்துவைத்தாள். "சரி. நீங்களே வெட்டுங்க."

"ஆனா ஒண்ணு" என்றார் டாக்டர். "இனிமே எப்பவும் அவரைத் தனியாத் தூக்கக் கூடாது. உங்களுக்குக் குணமாகுற வரைக்கும் அவர் இல்லத்துல இருக்கட்டும். தூக்கு இயந்திரம் உங்க வீட்டுக்கு வரட்டும். அது இருந்தா அவரைக் கூட்டிட்டு வரலாம்."

எதற்கு இத்தனை நாள் பயந்தாளோ அதையே அவர் கேட்டுவிட்டார். ரிக்மோர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து ஐகிலின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "போய் இருங்க. நான் நடந்து வந்து கூட்டிட்டு வருவேன்." அவர் அந்தக் கையை விடவேயில்லை.

மார்ச்சில் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு முகத்தில் மணலை வாரியடிக்கும் காற்றில், ஊன்றுகோலோடு கடலணை மேல் நடந்து பழகினாள். முதலில் எங்கள் வேலி வரை. பிறகு தேவாலயம் வரை. கடைசியில் இல்லம் வரை.

"ஐகில் இங்கேயே நல்லாப் பழகிட்டாரே" என்றாள் அங்கிருந்த தாதி.

"பழகல. காத்திருக்கார்" என்றாள் ரிக்மோர்.

கோடை நடுநாள் திருவிழா அன்று ஐகில் வீடு திரும்பினார். கட்டிலருகே இயந்திரம் தயாராக நின்றது. ஊரெல்லாம் மாலையில் மூட்டப்போகும் நெருப்புக்குக் கடற்கரையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தது. விறகு வண்டியோடு போன கார்லோ ஜன்னல் வழியாக, "மீன் பெட்டி வந்து இறங்கியாச்சா?" என்று கத்தினான். முதன்முதலாக ரிக்மோர் அவன் கேலிக்குச் சிரித்தாள்.

பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த ஜூன் வெயிலில், ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை எடுத்தாள். மெதுவாகக் குனிந்தாள். ஒரு காலில் இழுத்துவிட்டாள். பிறகு மறுகாலில்.

ஐகில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் கோணியது, தாடை நடுங்கியது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு சொல் வந்தது.

"மோ…ச…மில்லை."

ரிக்மோர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கண்ணுல புகை பட்டுடுச்சு, யூட்டே" என்றாள்.

கடற்கரையில் நெருப்பு இன்னும் மூட்டவே இல்லை.