நான் படிக்காமல் விட்ட கல்யாணம்

எனக்கு வாய் நீளம், தைரியம் குட்டை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடந்ததெல்லாம் அதனால் நடந்ததுதான்.

ஐம்பதுகளின் நடுவில், மாநில எல்லையோரம், உத்தனப்பள்ளிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் டீச்சராக இருந்தேன். சேலத்திலிருந்து போனவள், இருபத்துமூன்று வயது. ஊரே கூடி ஒரு புத்தகம் படிக்க வேண்டும் என்று தாலுகாவிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ராயக்கோட்டை பஸ்ஸில் ஒரு தகரப்பெட்டி நிறையப் புத்தகம் வரும். அதிலிருந்து ஒன்றை எடுத்து, ஞாயிறு மதியம் களத்து மேட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். போச்சுடா, ஞாயிற்றுக்கிழமையும் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

முதல் வாரமே மானம் போனது. அந்த ஊரில் வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் கன்னடம், மனு எழுதும்போது மட்டும் தமிழ். நான் கணீரென்று படிக்கிறேன், பாதிப்பேர் என் புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "இருங்க டீச்சரம்மா, நான் எங்க பாசையில சொல்றன்" என்றாள்.

அவள் அந்தக் களத்துக்குச் சொந்தக்காரரான பெரியவரின் மகள். எட்டாவது வரை படித்தவள். மாலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, ஒன்றரை வருஷத்தில் புருஷன் காய்ச்சலில் போய், பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். என் வயதுதான். அன்றிலிருந்து நான் தமிழில் ஒரு பக்கம் படிப்பேன், அவள் தெலுங்கில் சொல்வாள். நான் படித்தபோது சிரிக்காதவர்கள்கூட அவள் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பொறாமைதான்.

பெரியவர் கைநாட்டு. ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்து, துண்டை மடித்துப் போட்டு உட்கார்வார், ஒரு வார்த்தை பேசமாட்டார். கூலிக்குப் போகிறவர்கள் களத்துக்கு வெளியே வரப்பில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று நான் குரலை உயர்த்தினேன். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. சொன்னேனே, தைரியம் குட்டை.

இரண்டாவது புத்தகத்தை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். இளம் வயதில் தாலி அறுத்த ஒருத்தியின் கதை. படிக்கத் தொடங்கி சில வாரம் கழித்து, கிணற்றடியில் அவள் அம்மா என் காதோடு ஒரு விஷயம் சொன்னார். ஆனேக்கல் பக்கம் தபாலாபீசில் வேலை செய்யும் ஒருவர், மனைவியை இழந்தவர், இவளைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். "அவளுக்கு இஷ்டந்தான். அவங்கப்பாரு வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. வாயே தொறக்க மாட்டேங்கறாரு, நான் என்னா பண்ணுவன்?" கேட்டதும் எனக்கு அவள்மேல் உயிராகிவிட்டது. எப்படியாவது இது நடந்துவிட வேண்டும் என்று ஊர்ச் சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

அந்த ஊர்க் கோயிலில் புராணக்கதை படிக்கிற வழக்கம் உண்டு. கதையில் கல்யாணக் கட்டம் வருகிற அன்று ஊரார் நிஜக் கல்யாணத்துக்குப் போவதுபோல் தேங்காய், பழம், மஞ்சள், வெற்றிலை எடுத்துக்கொண்டு வருவார்கள். நாவலுக்கும் அதையேதான் செய்தார்கள். முதல் புத்தகத்தில் ஒரு குழந்தை பிறந்தபோது சர்க்கரை கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். இந்தக் கதையிலும் முடிவு நெருங்கியது. "அடுத்த வாரம் கண்ணாலம் வருதுங்களா?" என்று ஒருவர் கேட்டார். கதாநாயகிக்கு ஒரு தங்கை இருந்தாள். அவளுக்காகத்தான் இருக்கும் என்று நினைத்து, "வரும்போலத்தான் இருக்கு" என்று சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து புத்தகத்தை வாங்கிவந்து படித்துப் பார்த்தேன். கல்யாணம் தங்கைக்கு இல்லை, அக்காவுக்கு. ஊரே மஞ்சளும் தேங்காயுமாக வந்து உட்காரும், நான் ஒரு விதவையின் கல்யாணத்தைப் படிக்க வேண்டும். டீச்சர் வந்து நம்ம பொண்ணைக் கெடுக்கிறாள் என்று எவனாவது எழுந்து கத்தினால்? அந்த ஆத்திரத்தில் பெரியவர் தபாலாபீஸ்காரருக்கு முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டால்? அவளுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வேலையும் அதில் இருந்தது, அதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிறன்று களம் நிரம்பி வழிந்தது. புத்தகத்துக்குப் பொட்டுகூட வைத்திருந்தார்கள். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததைப் படித்தேன். தங்கைக்கு ஜாம்ஜாமென்று கல்யாணம் நடந்தது, அக்கா பட்டணத்துக்குப் போய் ஆஸ்பத்திரியில் நர்ஸாகிவிட்டாள். கண்ணில் நீர் வருகிற மாதிரிதான் சொன்னேன்.

பெரியவரின் மகள் என் பக்கம் திரும்பினாள். என்னையே பார்த்தாள். பிறகு தெலுங்கில் சொல்லத் தொடங்கினாள். எனக்குத் தெலுங்கு அரைகுறை. ஆனால் 'பெள்ளி' என்றால் கல்யாணம் என்பது தெரியும். அக்காவுக்குப் பெள்ளி என்றாள். மாப்பிள்ளை யார், யார் தாலி எடுத்துக் கொடுத்தது, எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே சொன்னாள். தகரப்பெட்டி இருந்தது அவர்கள் வீட்டில். சனிக்கிழமை நான் வாங்கும்வரை புத்தகம் அவள் கையில். அவள் முழுவதும் படித்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்திருப்பாள் என்று என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை.

இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் சலசலத்தார்கள். "அய்யய்ய, டீச்சரம்மா நர்ஸுன்னாங்க, இவ பெள்ளிங்கறா! எது நெசம்?"

பெரியவர் எழுந்து என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. எனக்கு எழுத்துத் தெரியாது. புஸ்தகத்துல என்னா இருக்குது?"

நான் தலையைத் தூக்கவேயில்லை. "உங்க பொண்ணு சொன்னதுதாங்க இருக்கு. நான்தான் மாத்திப் படிச்சிட்டேன்."

"ஏன்?"

"உங்களுக்குப் பயந்துதாங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. நிதானமாகச் சொன்னார். "எம்பொண்ணு எதுக்கு இந்தப் புஸ்தகத்த எடுத்துக் குடுத்தான்னு எனக்குத் தெரியாதா? ஊரு என்னா சொல்லுதுன்னு கேக்கத்தான் இத்தன வாரமா வந்து உக்காந்திருக்கறன். நீ ஊரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே அடச்சிட்டியே தாயி."

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இப்பச் சொல்லுங்க" என்றார். ஆளுக்கு ஆள் தேங்காயையும் வெற்றிலையையும் சரிசெய்துகொண்டார்கள். கடைசியில் வரப்பிலிருந்துதான் குரல் வந்தது. களையெடுக்க வருகிற ஒரு அம்மாள். "ஏஞ்சாமி, எங்க சனத்துல ரெண்டாங் கண்ணாலம் எப்பவும் நடக்கறதுதான? நானே ரெண்டாவதாக் கட்டிக்கிட்டவதான். இதுக்குப் போயி ஒரு புஸ்தகம் வேணுமா?"

களமே கொல்லென்று சிரித்தது. அப்புறம் மூன்று பாஷையிலும் சண்டை. கூடாது என்றவர்கள் நிறையப் பேர், தேங்காயைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. தப்பில்லை என்றவர்களும் இருந்தார்கள், நான் நினைத்திருந்ததைவிட அதிகம். சானமாவு காட்டு யானைகள் மேய்ந்துவிடாமல் கேழ்வரகுக்குக் காவல் போக வேண்டிய ஆண்கள்கூட எழுந்திருக்காமல் வாதாடினார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தை மாதம் ஆனேக்கலில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. ஊரில் பாதிப்பேர் வரவில்லை. எனக்கு அழைப்பு வந்தது, வெட்கத்தை விட்டுப் போனேன். பந்தியில் அவளே வந்து எனக்குப் பரிமாறினாள். "என்மேல கோபமா?" என்று கேட்டேன்.

"கோவமில்லீங்க டீச்சரம்மா" என்றாள். இலையில் இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தாள். "அந்தக் கண்ணாலப் பக்கத்த நான் நூறு வாட்டி எனக்குள்ளயே படிச்சிட்டன். வேற ஒருத்தர் வாயால ஒரே ஒரு வாட்டி கேக்கணும்னு இருந்திச்சி. அவ்ளோதான்."