மோரில் கலந்த பொடி

என் மகள் வைத்த கறிக்குழம்பு எந்தப் பாவமும் செய்யவில்லை. என் மருமகனின் வயிற்றைக் கெடுத்தவன் நான்தான்!

நாலாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். நாலு பேர் முன் வாய் திறக்கக் கூசுகிறவன். அந்தக் கூச்சத்தைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாமா என்றால்... கூடாது.

மகள் செல்லத்தைத் திருப்பரங்குன்றத்தில் கட்டிக் கொடுத்தோம். மறுவீட்டு விருந்துக்கு இருவரும் எங்கள் ஊர் கோச்சடைக்கு வந்தார்கள். அவளே சமைத்தாள். மருமகனோ இரண்டு கவளத்தோடு இலையை மூடப் பார்த்தார்.

"என்ன மாப்ள, குருவி மாதிரி கொறிக்கிறீக? எங்க வீட்டுக் கறி தொண்டையில இறங்கலையா?" என்று என் தம்பி சிரித்தான்.

"இம்புட்டுப் போதும் மாமா..." என்றவர் இடது கையால் வயிற்றை அழுத்திக்கொண்டார். நான் பார்த்தேன். உடம்புக்கு என்ன என்று கேட்க நா எழவில்லை.

மறுநாள் டவுனில் இங்கிலீஷ் மருந்துக் கடைக்குப் போய்ச் செரிமானப் பொடி கேட்டேன்.

"யாருக்குண்ணே?" என்றார் கம்பவுண்டர். "வயித்துல எரிச்சல், வலி உண்டா? இது கறியவே கரைக்கிற பொடி. உள்ள புண்ணு இருந்தா அதையும் சும்மா விடாது."

புது மாப்பிள்ளை நோயாளி என்று ஊர் பேசிவிட்டால்?

"எனக்குத்தேன். வலியெல்லாம் இல்ல," என்றேன்.

மாப்பிள்ளையிடம் மருந்தை நீட்டவும் கூச்சம்! அவர் குடிக்கும் மோரில், ஒருவரும் அறியாமல், வேளைக்கு வேளை கலந்தேன். அவரும் நன்றாகச் சாப்பிட்டார். செல்லத்தின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு... நான் எவ்வளவு பெருமைப்பட்டேன், தெரியுமா?

ஊருக்குப் புறப்பட இருந்த காலையில் அவர் இரத்தமாக வாந்தி எடுத்தார்.

"வயித்துல பழைய புண்ணு இருக்கு. மருந்து, பொடி ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

எல்லோரும் இல்லை என்றார்கள். கடைசியில் என்னைப் பார்த்தார். நானும் இல்லையென்று தலையசைத்தேன்.

அதற்குள், சேதி கேட்டு ஓடிவந்த சம்பந்தியம்மாள் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "ஒங்க மக காரக் கையி எம் புள்ள குடல அறுத்துருச்சே!"

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். செல்லத்தைத்தான் இன்றுவரை அழைத்துப் போகவில்லை.

பொடிதான் புண்ணைக் கிளறியதா, அது தானாகவே உடைந்ததா? எனக்குத் தெரியாது. தெரிந்து சொல்லக்கூடிய டாக்டர் என்னிடம் கேட்டாரே, அப்போது வாயைத் திறந்திருந்தால்...!

இப்போதாவது ஒரு சொல் சொன்னால் அவள் வாழப் போவாளே என்று நீங்கள் கேட்பீர்கள். திருப்பரங்குன்றத்துக்குப் பலமுறை போனேன். சம்பந்தி வீட்டு வாசலைக் கண்டதும் கால் திரும்பிவிடுகிறது.

இப்போதெல்லாம் அவள் குழம்பில் மிளகாயே இருப்பதில்லை. ஊற்றிவிட்டு என் முகத்தையே பார்த்து நிற்பாள்.

"காரமா இருக்காப்பா?"

"இல்லம்மா," என்பேன். அந்த அளவுக்குத்தான் என்னால் உண்மை பேச முடிகிறது.